படத்தைத் திருத்தும் முன் திரையைத் திருத்துவோம்

(வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கான கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆசிரியர் வேலைக்கு வந்த நாளில் நிழற்படம் எடுப்பதும் நம் வேலையாகும் என்று நம்மில் யாரும் நினைத்திருக்க மாட்டோம். இன்று அறிவியல் கண்காட்சி என்றாலும், மரக்கன்று நடுவிழா என்றாலும், ஆண்டாய்வு என்றாலும் முதலில் கேட்கப்படுவது படம்தான். எடுத்தால் மட்டும் போதாது. வெட்டி, வெளிச்சம் கூட்டி, பெயர் எழுதி, அனுப்பவும் வேண்டும். அந்த வேலையை நம்மில் பலர் மடிக்கணினியை மேசை ஓரத்தில் வைத்துக்கொண்டு, மதிய உணவு இடைவேளையில் முடிக்கிறோம்.

மடிக்கணினியோடு ஒரு தனி மானிட்டரை இணைத்து இந்த வேலையைச் செய்வது பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். "இதில் பேச என்ன இருக்கிறது? கேபிளைச் செருகினால் ஆயிற்று" என்று தோன்றலாம். கேபிள் செருகுவது இரண்டு நிமிட வேலைதான். அதற்குப் பிறகு செய்ய வேண்டியவை சில உண்டு. அவற்றைச் செய்யாவிட்டால், திரையில் உள்ள குறையைப் படத்தின் குறையாக நினைத்து, நல்ல படத்தை நாமே கெடுத்துவிடுவோம்.

ஒரு பள்ளிப் படத்துக்கு இவ்வளவு கவனம் எதற்கு என்பதற்கு நம் ஊரிலேயே ஒரு சான்று இருக்கிறது. 1955இல் புதுச்சேரியில் தொடங்கப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தென்னிந்தியக் கோயில்களையும் சிலைகளையும் ஊர் ஊராகச் சென்று படமெடுத்தது. அந்தச் சேகரிப்பில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் இருக்கின்றன. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவுபோன நடராசர் சிலை, ஆஸ்திரேலியாவில் கான்பெரா தேசியக் கலைக்கூடத்தில் இருந்தது. 2014இல் அது இந்தியாவுக்குத் திரும்பியது. அந்தச் சிலை அந்தக் கோயிலுடையதுதான் என்று காட்ட உதவியவற்றுள் இந்த நிறுவனத்தின் பழைய படமும் ஒன்று. அழகாக இருக்கட்டும் என்று யாராவது அப்படத்தில் தழும்பையும் கறையையும் அழித்திருந்தால் அது சான்றாக நின்றிருக்குமா? நாம் எடுக்கும் படங்களும் ஒரு நாள் சான்றாக நிற்கலாம்.

இப்போது திரைக்கு வருவோம். ஒரு சிறு சோதனை. உங்கள் மடிக்கணினியில் ஒரு குழந்தையின் முகப்படத்தைத் திறந்துகொள்ளுங்கள். மூடியைக் கொஞ்சம் முன்னும் பின்னும் சாய்த்துப் பாருங்கள். பல கணினிகளில் முகம் ஒரு கோணத்தில் கறுக்கும், இன்னொரு கோணத்தில் வெளுக்கும். படம் மாறவில்லை, நீங்கள் பார்க்கும் கோணம்தான் மாறியது. விலை குறைந்த மடிக்கணினிகளில் பெரும்பாலும் டிஎன் என்ற வகைத் திரை இருக்கும். அதன் குறை இது. ஐபிஎஸ் என்ற வகைத் திரையில் பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாது. இன்று கடைகளில் விற்கும் மானிட்டர்களில் பல ஐபிஎஸ் வகைதான். வாங்கும்போது பெட்டியின் மேல் இந்த மூன்று எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது சிக்கல் அளவு. இது கணக்கு ஆசிரியர்களுக்குப் பிடிக்கும். சாதாரணக் கைபேசிப் படம் ஒன்றில் அகலம் 4000, உயரம் 3000 புள்ளிகள். பெருக்கினால் 1 கோடியே 20 லட்சம். பழைய மடிக்கணினித் திரையில் 1366 பெருக்கல் 768, அதாவது ஏறத்தாழ பத்தரை லட்சம் புள்ளிகள்தான் இருக்கின்றன. முழுப் படத்தையும் அதில் பார்க்கும்போது படத்தின் 15 புள்ளிகளுக்குத் திரையில் ஒரு புள்ளிதான் கிடைக்கிறது. படம் தெளிவாக இருக்கிறதா, கை நடுங்கியதா என்பது அதில் தெரியாது. 1920 பெருக்கல் 1080 மானிட்டரில் அந்த விகிதம் ஏறத்தாழ எட்டுக்கு ஒன்று. தெளிவைச் சோதிக்க வேண்டுமானால் எந்தத் திரையானாலும் 100 விழுக்காடு பெரிதாக்கித்தான் பார்க்க வேண்டும். மானிட்டர் பெரிதாக இருந்தால் அப்போதும் படத்தில் கணிசமான பகுதி கண்ணுக்குள் இருக்கும்.

புதிய மானிட்டர் வாங்கப் பணம் எங்கே என்று கேட்பீர்கள். கணினி அறையில் சிபியு பழுதாகி, மானிட்டர் மட்டும் நன்றாக இருக்கும் மேசைக் கணினி ஒன்று பல பள்ளிகளில் இருக்கும். தலைமையாசிரியரிடம் சொல்லி, இருப்புப் பதிவேட்டில் குறித்துவிட்டு அதைப் பயன்படுத்தலாம். பழைய மானிட்டரில் விஜிஏ துளை மட்டும், மடிக்கணினியில் எச்டிஎம்ஐ துளை மட்டும் இருந்தால் நடுவே ஒரு மாற்றி வேண்டும். கடையில் கேட்கும்போது "எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு" என்று திசையைச் சொல்லிக் கேளுங்கள். எதிர்த்திசை மாற்றி பார்க்க அதே போல இருக்கும், ஆனால் இந்த வேலைக்கு ஆகாது.

கேபிளைச் செருகியதும் விண்டோஸ் விசையோடு 'பி' எழுத்து விசையை அழுத்துங்கள். நான்கு வழிகள் வரும். 'டூப்ளிகேட்' என்பது இரண்டு திரையிலும் ஒரே காட்சியைக் காட்டும். இரண்டு திரைகளின் புள்ளி எண்ணிக்கை வேறாக இருந்தால் ஒன்றில் காட்சி மங்கும். 'எக்ஸ்டெண்ட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இரண்டும் ஒரே நீண்ட மேசை போல ஆகிவிடும். படத்தை மானிட்டரிலும், கோப்புப் பட்டியலையும் மற்றவற்றையும் மடிக்கணினியிலும் வைத்துக்கொள்ளலாம். பிறகு 'டிஸ்ப்ளே' அமைப்புக்குள் சென்று, மானிட்டருக்கு நேராக 'ரெக்கமெண்டட்' என்று குறித்திருக்கும் புள்ளி எண்ணிக்கையையே வையுங்கள். எழுத்து சிறிதாகத் தெரிந்தால் புள்ளி எண்ணிக்கையைக் குறைக்காமல், அதே பக்கத்தில் உள்ள 'ஸ்கேல்' அளவைக் கூட்டுங்கள்.

சில பள்ளிகளில் வகுப்பறைத் தொலைக்காட்சியை மானிட்டராகப் பயன்படுத்துகிறார்கள். பாடம் நடத்த அது நல்ல வசதி. படம் திருத்துவதற்கு அப்படியே நம்ப வேண்டாம். தொலைக்காட்சி தானாகவே ஓரங்களைக் கூர்மையாக்கும், நிறத்தைக் கூட்டும், சில நேரம் படத்தின் விளிம்பையும் வெட்டிவிடும். வேறு வழியில்லை என்றால் அதன் பட அமைப்பில் 'விவிட்' என்பதை மாற்றி, 'பிசி' அல்லது 'ஸ்டாண்டர்ட்' என்று வையுங்கள்.

அடுத்தது திரையை ஒழுங்குசெய்வது. கண் பார்த்துத் திரையின் நிறத்தைச் சரியாகச் சொல்லிவிட முடியாது. நம் கண் எந்த வெளிச்சத்துக்கும் விரைவில் பழகிவிடும். மாலையில் மஞ்சள் விளக்கின் கீழும் நோட்டுத் தாள் நமக்கு வெள்ளையாகத்தான் தெரிகிறது. அதனால் சில ஏற்பாடுகள் தேவை. நான் செய்யும் வரிசையைச் சொல்கிறேன்.

முதலில் இடம். சன்னல் திரைக்குப் பின்னாலும் வேண்டாம், எதிரிலும் வேண்டாம், பக்கவாட்டில் இருக்கட்டும். மானிட்டரின் மேல்விளிம்பு கண் மட்டத்தில் அல்லது சற்றுக் கீழே, ஒரு கை நீட்டும் தொலைவில் இருக்கட்டும்.

அடுத்து, தானாக மாறும் வசதிகளை நிறுத்த வேண்டும். கணினியில் 'நைட் லைட்' மாலையில் திரையை மஞ்சளாக்கும். தானியங்கி ஒளிமாற்றம் படத்துக்குப் படம் வெளிச்சத்தை மாற்றும். மானிட்டரின் சொந்தப் பொத்தான்களில் 'டைனமிக் கான்ட்ராஸ்ட்' என்று ஒன்று இருக்கும். மூன்றையும் நிறுத்துங்கள். மானிட்டரில் 'எஸ்ஆர்ஜிபி' என்ற நிலை இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். கைபேசி, கணினி, இணையம் எல்லாம் பொதுவாகப் புரிந்துகொள்ளும் நிற அளவுகோல் அது. அந்த நிலை இல்லையென்றால் நிற வெப்பநிலையை 6500 என்று வையுங்கள்.

மூன்றாவது வெளிச்சம். மானிட்டருக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். திரையில் வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒரே வெளிச்சத்தில் தெரியும்வரை மானிட்டரின் ஒளியைக் குறையுங்கள். பெரும்பாலும் நீங்கள் நினைத்ததைவிட அதிகமாகவே குறைக்க வேண்டியிருக்கும். திரை அளவுக்கு மீறி ஒளிர்ந்தால், அதில் நன்றாகத் தெரிந்த படம் அச்சில் இருட்டாக வரும். "அச்சகத்தில் கெடுத்துவிட்டார்கள்" என்று நாம் சொல்வதில் பாதி இந்தக் காரணத்தால்தான்.

நான்காவது, விண்டோஸ் தேடல் பெட்டியில் 'கேலிப்ரேட் டிஸ்ப்ளே கலர்' என்று தட்டினால் ஒரு வழிகாட்டி வரும். அந்தச் சாளரத்தை மானிட்டருக்கு இழுத்துவந்து, அது சொல்வதை ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். அதில் கோட்டு அணிந்த ஒருவர் படம் வரும். சட்டையும் கோட்டும் பிரிந்து தெரிய வேண்டும், பின்னணியில் இருக்கும் பெருக்கல் குறி தெரிந்தும் தெரியாமலும் இருக்க வேண்டும். மானிட்டரைப் போட்டு அரைமணி நேரம் கழித்து இதைச் செய்தால் நல்லது. இதற்கென்று நிறமானிக் கருவிகள் இருக்கின்றன. பள்ளி வேலைக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.

இவ்வளவு செய்த பிறகும் திரையை மட்டும் நம்பாமல் எண்ணையும் பாருங்கள். ஜிம்ப் என்ற இலவச மென்பொருளில் 'லெவல்ஸ்' பகுதிக்குப் போனால் மலைத்தொடர் போல ஒரு வரைபடம் வரும். இடது ஓரம் 0, முழுக் கறுப்பு. வலது ஓரம் 255, முழு வெள்ளை. மலை முழுவதும் இடது பக்கம் குவிந்திருந்தால் படம் உண்மையிலேயே இருட்டு. நடுவில் நன்றாகப் பரந்திருந்தும் கண்ணுக்கு இருட்டாகத் தெரிந்தால், திரையைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். நீங்கள் எந்தக் கணினியில் திறந்தாலும் இந்த வரைபடம் மாறாது.

நம் பகுதியிலிருந்து மூன்று பொருள்களை எடுத்துக்கொண்டு இதைப் பொருத்திப் பார்ப்போம். ஒன்று கல், ஒன்று மண், ஒன்று குழந்தை.

பாகூர் பிள்ளைகளுக்கு நான் அடிக்கடி சொல்லும் செய்தி இது. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டில், 9ஆம் நூற்றாண்டில் வெளியான பாகூர்ச் செப்பேடு, இங்கிருந்த வித்யாஸ்தானம் என்ற கல்வி நிலையத்துக்கு மூன்று ஊர்களைக் கொடையாக அளித்ததைச் சொல்கிறது. நம் ஊரில் கல்விக்கூடம் இருந்ததற்கு எழுதி வைத்த சான்று அது. மூலநாதர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. புதுச்சேரிக் கல்வெட்டுகளைத் தொகுத்தவர் பாகூர் சு. குப்புசாமி. அந்தத் தொகுப்பு கோ. விசயவேணுகோபால் அவர்களைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 2006இல் வெளிவந்தது.

அனுமதி பெற்று மாணவர்களோடு கல்வெட்டைப் படமெடுக்கும்போது, எழுத்தின் மேல் சுண்ணக்கட்டியோ மாவோ பூச விடாதீர்கள். காலை வெயில் சாய்வாக விழும் நேரமே போதும், எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழும். பிறகு மானிட்டரில் 100 விழுக்காட்டில் வைத்து, ஒளி வேறுபாட்டை மட்டும் சிறிது கூட்டுங்கள். கூர்மையாக்கும் வசதியை அளவுக்கு மீறிப் போட்டால் கல்லில் உள்ள சிதைவும் கோடாகிவிடும். பழங்கல்வெட்டில் பெரும்பாலும் புள்ளி இடுவதில்லை. கல்லின் பொத்தலை நம் மென்பொருள் புள்ளியாக்கிவிட்டால், 'க' என்பதைப் பிள்ளை 'க்' என்று படிப்பான். சிறிய திரையில் இது நம் கண்ணில் படாது, பெரிய திரையில் உடனே தெரியும்.

அடுத்தது மண். வில்லியனூர்ச் சுடுமண் சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. கைவினைக் கண்காட்சிக்குப் பிள்ளைகள் செய்யும் பொம்மைகளையும், அந்தக் கலைஞர்களின் வேலையையும் நாம் படமெடுக்கிறோம். சரிசெய்யாத மடிக்கணினித் திரைகள் பலவற்றில் நீலச் சாயல் தூக்கலாக இருக்கும். அதில் சுடுமண்ணின் சிவப்பு செத்துப்போய்த் தெரியும். உடனே நாம் சிவப்பைக் கூட்டுவோம். அச்சிட்டு வந்தால் பொம்மை ஆரஞ்சுப் பழம் போல இருக்கும். இதற்கு எளிய வழி, பொம்மைக்குப் பக்கத்தில் ஒரு துண்டு வெள்ளைத் தாளும், வடிவியல் பெட்டியிலிருந்து ஓர் அளவுகோலும் வைத்து முதல் படத்தை எடுப்பது. ஜிம்ப்பில் நிறம் எடுக்கும் கருவியால் அந்தத் தாளைத் தொட்டால் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள் வரும். 214, 212, 209 என்பது போல மூன்றும் நெருங்கி இருந்தால் நிறம் சரி. 190, 205, 235 என்று நீலம் ஏறி நின்றால் படத்தில்தான் நீலம் இருக்கிறது, அதைக் குறைக்கலாம். மூன்றும் 255 என்றால் வெளிச்சம் மிகுந்துவிட்டது, மறுபடி எடுக்க வேண்டும். அளவுகோல் இருப்பதால் பொம்மையின் உயரமும் பதிவாகிவிடும்.

மூன்றாவது குழந்தை. இதைச் சொல்லத்தான் மற்ற எல்லாவற்றையும் சொன்னேன்.

வண்ணப் படச்சுருள் காலத்தில், படம் கழுவும் கூடங்களுக்குக் கோடக் நிறுவனம் ஒரு மாதிரி அட்டை அனுப்பும். அதில் வெள்ளைத் தோல் கொண்ட ஒரு பெண்ணின் படம் இருக்கும். 'ஷெர்லி அட்டை' என்று பெயர். அந்த முகம் நன்றாக வந்தால் இயந்திரம் சரி என்று பொருள். கறுத்த முகங்கள் கண்ணும் பல்லும் மட்டும் தெரியும்படி வந்தாலும் இயந்திரம் சரிதான் என்றே கொள்ளப்பட்டது. பழுப்பு நிறத்தின் வகைகள் தெரியவில்லை என்று சாக்லேட் நிறுவனங்களும் மர அறைகலன் செய்வோரும் முறையிட்டது, படச்சுருள் திருந்தியதற்கு ஒரு காரணம். இதைக் கோடக்கில் பணியாற்றியவர்கள் சொல்லக் கேட்டு, கனடா ஆய்வாளர் லோர்னா ரோத் 2009இல் எழுதியிருக்கிறார். எந்த முகத்தை வைத்து அளக்கிறோமோ அந்த முகத்துக்குத்தான் படம் நன்றாக வரும்.

இன்று படச்சுருள் இல்லை, ஆனால் அதே வேலையைக் கைபேசியின் அழகூட்டும் வசதி செய்கிறது. வெள்ளைச் சட்டை நிறைந்த வகுப்பைப் படமெடுத்தால் கேமரா அந்த வெள்ளையைப் பார்த்து வெளிச்சத்தைக் குறைக்கும், முகங்கள் கறுக்கும். அதை மங்கிய மடிக்கணினியில் பார்த்து, நாம் வெளிச்சத்தை ஏற்றிக்கொண்டே போவோம். கடைசியில் பிள்ளைகள் எல்லோரும் சிவந்த மேனியாக, மூக்கும் கன்னமும் தட்டையாக நிற்பார்கள். இப்படித் திருத்திய விழாப் படம் ஒன்றை வெளியிலிருந்து யாரோ அனுப்பியிருந்தார்கள். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி அதை உற்றுப் பார்த்துவிட்டு, "இது யாரு டீச்சர், நானா?" என்றாள். பிள்ளைகள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப இப்படி இருந்தாத்தான் நல்லா இருக்குமா டீச்சர்?" என்று கேட்டாள். நிறத்தைப் பற்றிச் சமூகம் அவளிடம் ஏற்கெனவே நிறையச் சொல்லியிருக்கிறது. பள்ளியும் அதையே ஒரு படத்தின் மூலம் சொல்லிவிட்டதாக அவள் புரிந்துகொண்டாள்.

ஆகவே அழகூட்டும் வசதியை நிறுத்திவிட்டுப் படம் எடுங்கள். எடுக்கும்போதே கைபேசியில் ஒரு பிள்ளையின் முகத்தைத் தொட்டு வெளிச்சத்தை அமையுங்கள். திருத்தும்போது படம் முழுவதற்கும் வெளிச்சம் ஏற்றாமல், நிழல் பகுதிக்கு மட்டும் கொஞ்சம் ஏற்றுங்கள். சட்டையின் மடிப்பு மறையத் தொடங்கினால் நிறுத்திவிடுங்கள். வாய்ப்பு இருந்தால் அந்தப் பிள்ளையையே மானிட்டர் பக்கத்தில் நிறுத்தி, "நீ இப்படித்தானே இருக்கே?" என்று கேளுங்கள். எந்த நிறமானியும் அவ்வளவு சரியாகச் சொல்லாது.

பிள்ளைகள் படம் என்பதால் இன்னொன்றும் உண்டு. 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர்களைக் குழந்தைகளாகக் கொண்டு, அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலை வேண்டுகிறது. முகம் தெரியும் படத்தை வெளியிடுமுன் பெற்றோரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கும் பழக்கத்தை இப்போதே வைத்துக்கொள்வோம்.

கடைசியாகக் கோப்புகள். மூலப் படத்தின் மேல் கை வைக்காதீர்கள். 'மூலம்' என்று ஓர் உறை, 'திருத்தியது' என்று இன்னோர் உறை. திருத்துவது எப்போதும் நகலில்தான். ஜேபெக் கோப்பைத் திருத்தித் திருத்திச் சேமிக்கும் ஒவ்வொரு தடவையும் தரம் சிறிது குறையும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். அச்சுக்கு அனுப்புவதாக இருந்தால், ஏ4 முழுப் பக்கத்துக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் ஏறத்தாழ 2480 பெருக்கல் 3508 புள்ளிகள் வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். கோப்பின் பெயரில் நாள், இடம், பொருள் மூன்றும் இருக்கட்டும். பத்து ஆண்டு கழித்து உங்கள் இடத்துக்கு வரும் ஆசிரியருக்கு அந்தப் பெயர் மட்டுமே துணை.

இங்கிருந்து திரும்பியதும் ஒரு வேலை செய்யுங்கள். பள்ளியில் சும்மா இருக்கும் ஒரு மானிட்டரைத் துடைத்து எடுங்கள், கேபிளை இணையுங்கள், வெள்ளைத் தாளைப் பக்கத்தில் பிடித்து ஒளியைக் குறையுங்கள். பிறகு சென்ற ஆண்டு விழாப் படம் ஒன்றின் மூலத்தையும் திருத்தியதையும் அருகருகே திறந்து, உங்கள் மாணவர் இரண்டு பேரைக் கூப்பிட்டு, "இதில் நீங்கள் எது?" என்று கேளுங்கள். அவர்கள் காட்டும் படத்தைச் சுவரில் ஒட்டுங்கள்.